வண்டி நிற்பது எதனால்? பிரேக் பேடு தேர்ந்தெடுக்கும் முறை

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பழமொழி. பிரேக் கெட்ட மோட்டார் வண்டியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அது நன்றாக ஓடும், நிற்கத்தான் நிற்காது. அச்சாணி முறிந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிரேக் பேடு தரம் குறைந்தது என்பது அவ்வாறு தெரிவதில்லை. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும் அந்த ஒரு கணத்தில்தான் தெரியும். அப்போது தெரிந்து பயன் என்ன?

நம் சங்கத்து நண்பர்கள் நால்வர் ஐவர் கூடிப் பழைய கார் ஒன்றை வாங்குவதும், விடுமுறையில் அதிலேயே மசூரிக்கும் நைனிதாலுக்கும் புறப்படுவதும் இப்பொழுது வழக்கமாகி வருகின்றன. பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் மாற்ற நேரும் உறுப்புக்களில் பிரேக் பேடும் ஒன்று. அதை வாங்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பல்கலைக்கழக மெட்ரோ நிலையத்திலிருந்து மூன்றாவது நிலையம் காஷ்மீரி கேட். மோட்டார் உதிரி உறுப்புக்களுக்குப் பேர்போன அச்சந்தையில் எந்தக் கடையில் நின்றாலும் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "ஒரிஜினலா, லோக்கலா?" என்பதே. பிறகு மூன்று பெட்டிகளை எடுத்து முன்னே வைப்பார். மூன்றிலும் உள்ளவை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விலையோ மூன்று விதம். இவற்றில் எதை எடுப்பது? இவ்வினாவுக்குப் பௌதிகம் தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். பலர் எண்ணுவதுபோல், மிக அதிகமாகப் பிடிக்கும் பேடு நல்ல பேடு அன்று. குளிர்ந்திருக்கும்போதும் சூடேறிய பின்னும், முதல் முறையும் பத்தாம் முறையும், ஒரே அளவாகப் பிடிக்கும் பேடுதான் நல்ல பேடு. இது ஏன் என்று இனிப் பார்ப்போம்.

இயக்கம் வெப்பமாதல்

திருவிழாவில் தேரை நிறுத்துவோர் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவதை நாம் கண்டிருக்கிறோம். கட்டை தேய்ந்து புகைவதையும் கண்டிருக்கிறோம். மோட்டார் வண்டியின் பிரேக்கும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் மறைந்துவிடுவதில்லை. உராய்வினால் வெப்பமாக மாறுகிறது.

எவ்வளவு வெப்பம்? ஆட்களுடன் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள சிறு கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதாவது விநாடிக்கு 20 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் 2,40,000 ஜூல். அறை வெப்பத்திலுள்ள ஏறக்குறைய 800 கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கலாகாது. மணிக்கு 36 கிலோமீட்டரில் வெறும் 60,000 ஜூலாக இருந்தது, 72-இல் 2,40,000 ஆகிவிட்டது.

பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்புறம் சாய்கிறது. ஆதலால் முன் சக்கரங்களின் பிரேக்குகளே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. அப்பங்கைப் பத்தில் ஏழு என்று கொண்டால், முன்னுள்ள ஒவ்வொரு டிஸ்க்கும் 84,000 ஜூல் வெப்பத்தை ஏற்க வேண்டும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டு. அதன் எடை 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிறுத்தியதில் அதன் வெப்பம் சுமார் 45 டிகிரி உயரும். ஆற அவகாசமின்றிப் பத்து முறை நிறுத்தினால்? 450 டிகிரி உயரும்! உண்மையில் காற்று இடையிடையே குளிர்விக்கும் என்றாலும், பேடு எத்தகைய உலையில் வேலை செய்கிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

மலைப்பாதையைப் பார்ப்போம். மசூரியிலிருந்து டேராடூனுக்கு ஏறக்குறைய 1,300 மீட்டர் இறக்கம். அதே வண்டி இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1 கோடியே 53 லட்சம் ஜூல். இது 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 64 முறை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை டயரின் உருளலும் காற்றும் எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டாக வேண்டும். வண்டியைத் தாழ்ந்த கியரில் இறக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். நியூட்ரலில் விட்டு இறங்குபவர் பெட்ரோலை மிச்சப்படுத்தவில்லை. முழு ஆற்றலையும் பேடின் தலையில் கட்டுகிறார்.

தோலிலிருந்து இன்றைய பேடு வரை

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மோட்டார் வண்டியில் தம் புதல்வர் இருவருடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தூரம். வழியில் இறக்கங்களில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோலை அடிக்கச் செய்தார். மோட்டார் வண்டி வரலாற்றில் பிரேக் பட்டை பிறந்த கதை இதுவே எனலாம்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-இல் பிரேக் பட்டைகளுக்கென்றே ஒரு தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரின் எழுத்துக்களோடு ஓர் எழுத்தைக் கூட்டி மாற்றியமைத்ததே ஃபெரோடோ என்னும் பெயர். பருத்தியும் தோலும் சூட்டில் கருகின. அப்போது கை கொடுத்தது அஸ்பெஸ்டாஸ் என்னும் கனிம நார். எரியாது, மலிவானது, நன்கு பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் வண்டிகளை நிறுத்தியது அதுவே. அதன் நுண்ணிய இழைகள் சுவாசப்பையில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்குகின்றன என்பது பின்னர் ஐயமற உறுதியாயிற்று. 1999-இல் பிரிட்டன் அதை முற்றிலும் தடை செய்தது. ஆகவே பேடு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, 'அஸ்பெஸ்டாஸ் அற்றது' என்ற அச்சு பெட்டியின்மேல் இருக்கிறதா என்பதே.

டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டி டிஸ்க் பிரேக்குடன் வென்ற பின்னர்தான் அதன் புகழ் பரவியது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. இன்று நம் நாட்டின் சிறு கார்கள் பலவற்றில் முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் இருக்கின்றன. டிஸ்க்கைக் கவ்வுவது பேடு. டிரம்முக்குள் விரிந்து உராய்வது ஷூ. இக்கட்டுரை பேடைப் பற்றியது.

இத்தொழிலில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. சென்னைப் பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனமும் தோன்றின. காஷ்மீரி கேட்டில் பெட்டியைத் திருப்பிப் பார்த்துப் பாடி என்னும் பெயரைக் காணும் நம்மவருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. ஆயினும் ஊர்ப் பாசத்தால் பேடு வாங்கலாகாது. நம் வண்டிக்கு ஏற்றதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பேடுக்குள் இருப்பது என்ன?

ஓர் எஃகுத் தகட்டின்மேல் ஒட்டிய கலவைதான் பேடு. அதில் பீனாலிக் பிசின் எல்லாவற்றையும் பிணைக்கிறது. நார்கள் வலிமை தருகின்றன. கிராஃபைட் வழவழப்பைத் தந்து உராய்வை நிதானப்படுத்துகிறது. அலுமினா போன்ற கடினத் துகள்கள் டிஸ்க்கின் மேற்பரப்பைத் துலக்குகின்றன. பேரைட் முதலிய நிரப்பிகள் எஞ்சிய இடத்தை அடைக்கின்றன. இவற்றின் விகிதத்தைப் பொறுத்துக் கடையில் கிடைக்கும் பேடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆர்கானிக் வகை. உலோகம் குறைவு, நாரும் பிசினும் மிகுதி. சத்தமின்றி வேலை செய்யும். டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. குளிர்ந்த நிலையிலும் உடனே பிடிக்கும். ஆனால் தான் விரைவில் தேயும். கடும் வெப்பத்தில் பிடிப்புத் தளரும்.

இரண்டாவது, அரை உலோக வகை. எஃகு நாரும் இரும்புத் தூளும் கலந்தது. மிகுந்த வெப்பத்தையும் தாங்கும். மலைப்பாதைக்கும் பாரம் ஏற்றும் வண்டிக்கும் ஏற்றது. ஆனால் சத்தமும் தூளும் அதிகம். டிஸ்க்கையும் சற்று வேகமாகத் தேய்க்கும். குளிர்காலக் காலையில் முதல் அழுத்தத்துக்குச் சிறிது தயங்கும்.

மூன்றாவது, செராமிக் வகை. சத்தம் குறைவு, தூளும் குறைவு, நெடுநாள் உழைக்கும். விலை அதிகம். பெட்டியின்மேல் 'செராமிக்' என்று அச்சிட்டிருப்பது மட்டும் தரத்துக்குச் சான்றாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிடிப்புத் தளர்வது எப்படி?

வெப்பம் 300 டிகிரியைத் தாண்டி ஏறும்போது பீனாலிக் பிசின் சிதையத் தொடங்குகிறது. அதிலிருந்து வெளிப்படும் வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே படலமாக நிற்கும். உராய்வெண் 0.4 ஆக இருந்தது 0.2 ஆகக் குறைந்தால், அதே தடைக்குக் காலின் அழுத்தம் இரு மடங்கு வேண்டும். பெடல் கல்லைப் போல் கெட்டியாக இருக்கும், வண்டியோ நிற்காது. இது பேடின் குற்றம்.

பெடல் பஞ்சு போலாகித் தரை வரை இறங்கினால் அது வேறு நோய். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அவ்வரம்பு 140 டிகிரியாகக் குறைகிறது. டாட் 4-க்கு இவ்வெண்கள் 230, 155. திரவம் கொதித்தால் குமிழிகள் தோன்றும். அழுத்தம் குமிழியைத்தான் சுருக்குமே தவிர பேடைத் தள்ளாது. எனவே பழைய ஆயிலை அப்படியே வைத்துக்கொண்டு விலையுயர்ந்த பேடு போடுவதில் பயனில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நலம்.

'அதிகப் பிடிப்பு' ஏன் வேண்டாம்?

பேடு சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது சாலை. டயருக்கும் உலர்ந்த சாலைக்கும் இடையே உராய்வெண் 0.7 என்று கொண்டால், 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் முழுமையாகப் பிடித்த பின் நிற்க ஏறக்குறைய 29 மீட்டர் வேண்டும். குளிர்ந்த நிலையில் தரமான எந்தப் பேடும் டயரை இவ்வெல்லைக்குக் கொண்டுபோய்விடும். பேடு இன்னும் கடுமையாகக் கவ்வினால் இத்தூரம் குறையாது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், அல்லது ஏ.பி.எஸ். முன்னதாகவே தலையிடும்.

இதைவிட முக்கியமான காரணமும் உண்டு. முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று வண்டியை அமைத்தவர்கள் கணக்கிட்டே பிரேக்கை அமைத்திருக்கிறார்கள். பிடிப்புக் குறைந்த மலிவான பேடை முன்னே போட்டால், ஓட்டுபவர் இன்னும் வலுவாக மிதிப்பார். அப்போது பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். வண்டி தன்னைத்தானே சுற்றிவிடவும் கூடும். ஆகவேதான், மாற்றுப் பேடின் செயல் மூலப் பேடின் செயலிலிருந்து நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் விலகலாகாது என்று, ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் தன் 90-ஆம் எண் விதியில் வகுத்துள்ளது. அதிகமாவதும் குற்றமே, குறைவதும் குற்றமே என்பதைக் கவனியுங்கள்.

தகட்டிலுள்ள இரண்டெழுத்து

பேடின் ஓரத்திலோ தகட்டின் பின்புறத்திலோ நீண்ட எழுத்து வரிசை ஒன்று அச்சாகியிருக்கும். அதன் இறுதியில் 'எஃப் எஃப்', 'ஜி எஃப்' என்பன போல இரண்டு ஆங்கில எழுத்துக்கள் இருப்பதுண்டு. முதலெழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வெண்ணைக் குறிக்கும். இரண்டாவது கடும் வெப்பத்தில் உள்ளதைக் குறிக்கும். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை. 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப் எஃப்' என்ற பேடு இரு நிலையிலும் ஒரே வகுப்பில் நிற்கிறது. 'ஜி ஈ' என்ற பேடோ கடைவாசலில் ஓட்டிப் பார்க்கும்போது பிரமாதமாகப் பிடிக்கும்; மலையிறக்கத்தில் கைவிடும். நாம் தேடும் ஒரே அளவான பிடிப்பை இவ்விரண்டெழுத்து ஓரளவு உணர்த்துகிறது. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இச்சோதனை ஓர் அங்குலச் சதுரத் துண்டில் நடைபெறுவது. உங்கள் வண்டியில் நடைபெறுவதன்று. தேய்மானத்தையும் சத்தத்தையும் அது சொல்லாது.

கடையில் செய்ய வேண்டியவை

1. வண்டியின் மாதிரி, ஆண்டு, எஞ்சின் வகை ஆகியவற்றைக் குறித்துச் செல்லுங்கள். கழற்றிய பழைய பேடையும் எடுத்துச் சென்று, வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. கார் நிறுவனத்தின் முத்திரையுள்ள பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. அந்நிறுவனத்துக்குப் பேடு செய்து தருவோரே தம் சொந்தப் பெயரிலும் விற்பதுண்டு. மாணவர் பணப்பைக்கு ஏற்ற நடுவழி பெரும்பாலும் இதுவே.

3. நகருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு, மூலப் பேடு எந்த வகையோ அந்த வகையே போதும். ஐவர் ஏறி அடிக்கடி மலைக்குப் போகும் வண்டிக்கு, அதே வடிவில் வெப்பம் தாங்கும் பேடாகப் பாருங்கள்.

4. தகட்டில் எழுத்தோ தொகுதி எண்ணோ இல்லாத பேடை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓரத்தில் வெடிப்போ, தகட்டிலிருந்து விலகலோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

5. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எப்போது மாற்றுவது என்று சிலர் கேட்கலாம். உராயும் பகுதியின் கனம் 3 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்றும் காலம் வந்தது. பல பேடுகளில் ஒரு சிறு உலோக நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அக்குரலைப் பாட்டுச் சத்தத்தில் அமுக்கிவிடாதீர்கள். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சக் கனம் உண்டு. அதன்மேலேயே அந்த எண் பொறித்திருக்கும்; அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

பொருத்திய பின்

புதுப் பேடு போட்டதும் காலிப்பரின் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் மிதியில் பெடல் தரை வரை இறங்கும். ஆகையால் வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்து பட்டறை வாசலிலேயே எதிர்ச்சுவரில் மோதுவோர் உண்டு.

பிறகு பேடைப் பழக்க வேண்டும். டிஸ்க்கின்மேல் பேடின் கலவை மெல்லிய படலமாக ஒரே சீராகப் படிந்தால்தான் முழுப் பிடிப்பு வரும். ஆளில்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 20 வரை நிதானமாகக் குறைப்பதும், சிறிது ஆறவிடுவதுமாக இருபது முப்பது முறை செய்தால் போதும். சூடாக இருக்கும்போது முழுதும் நிறுத்திப் பெடலை அழுத்தியபடி இருக்கலாகாது. படலம் ஓரிடத்தில் திட்டாகப் படிந்துவிடும். புதுப் பேடு போட்ட மறுநாளே மலையேறுவது அறிவுடைமை ஆகாது.

தூசியைப் பற்றி ஒரு சொல்

இந்நகரின் பட்டறை ஒன்றில், பதினேழு வயது இருக்கும் பையன் ஒருவன், கழற்றிய பிரேக்கிலிருந்த கறுப்புத் தூசியை வாயால் ஊதித் துடைப்பதைக் கண்டேன். அது எந்தக் காலத்துப் பேடின் தூசி, அதில் அஸ்பெஸ்டாஸ் உண்டா இல்லையா என்பதை அவன் அறியான். வண்டிக்கு உரியவரும் அறியார். ஈரத்துணியால் துடைக்கச் சொல்வதற்கும், முகக்கவசம் ஒன்றை வாங்கிக் கொடுப்பதற்கும் எவ்வளவு செலவாகும்? அஸ்பெஸ்டாஸ் இல்லாத பேடின் தூளும் மூச்சுக்கு நல்லதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய யூரோ 7 விதி, புகைக்கு மட்டுமன்றிப் பிரேக்கிலிருந்து உதிரும் துகளுக்கும் வரம்பு வகுத்திருக்கிறது. டில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுமா?

அன்பர்களே! மலிவான பேடுக்கும் தரமான பேடுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஐந்து பேர் பங்கிட்டுக் கொண்டால், ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு வருமா என்பது ஐயமே. நம் வண்டியில் ஏறுபவர்களின் உயிரோடு, சாலையைக் கடப்பவர்களின் உயிரும், அதைப் பழுது பார்க்கும் பையனின் மூச்சும் அந்தச் சிறு துண்டில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன் சக்கரத்தைக் கழற்றிப் பேடின் கனத்தை அளந்து பாருங்கள். பெட்டியின் வண்ணத்தைப் பாராமல், தகட்டின் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.